காலையில் மூடுபனி, பகலில் கச்சான், சந்தையில் பியர்ஸ்

 

லண்டன், லெஸ்டர் என்று போய்க் குடியேறிவிட்ட நம் உறவுக்காரப் பெண்கள் தொலைபேசியில் பேசினால், ஸலாமுக்கு அடுத்ததாக வருவது காலநிலைதான். "காலையில நல்ல வெயில் ராத்தா, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியில இறங்கினா மழை, நனைஞ்சு வீட்டுக்கு வந்தா திரும்பவும் வெயில்" என்பார்கள். அங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கோடை. ஸ்ட்ரோபெரி பழுக்கும் காலமும் அதுதான். ஆனாலும் கோடை என்று நம்பி குடையை வீட்டில் வைத்துவிட்டுப் போக முடியாதாம். அப்படிப்பட்ட குளிர் நாட்டிலும் 2022 ஜூலை 19ஆம் திகதி லிங்கன்ஷயரில் வெப்பம் 40.3 பாகை வரை ஏறியது. அந்த நாட்டில் வெப்பம் 40 பாகையைத் தாண்டிப் பதிவானது அதுவே முதல் தடவை.

பண்டாரவளைக்காரிகளான நமக்கு மழையும் வெயிலும் மாறி மாறி வருவதில் என்ன புதினம்? கடல்மட்டத்துக்கு 4000 அடிக்கு மேலே இருக்கிற ஊர் நம்முடையது. காலையில் எதிர்வீடு தெரியாத மூடுபனி. பத்து மணிக்குப் போர்வை காயப்போடும் வெயில். மார்ச், ஏப்ரல் மாதங்களில் என்றால் லுஹர் தொழுதுவிட்டு வருவதற்குள் இடியும் மழையும் வந்து, காயப்போட்டதெல்லாம் பழையபடி நனைந்துவிடும்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே வானம் மணிக்கு மணி மாறுகிறது. இங்கே அதோடு, மலையின் எந்தப் பக்கத்தில் நிற்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். கொழும்பிலிருந்து பதுளைக்கு ரயிலில் வந்து பழகியவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஜூலை மாதத்தில் ஹற்றன், நானுஓயா வரை ஜன்னலைத் திறக்க விடாத மழை. பட்டிப்பொலையைத் தாண்டி அந்தச் சுரங்கத்துக்குள் இருட்டில் நுழைந்து ஒஹிய பக்கமாக வெளியே வந்தால், கண் கூசும் வெயில்! தென்மேல் பருவக்காற்று தன் மழையை மேற்குச் சரிவில் கொட்டித் தீர்த்துவிட்டு, வெறும் காற்றாக மலை ஏறி நம் பக்கம் இறங்குகிறது. இறங்க இறங்கச் சூடாகி, இருக்கும் ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்கிறது. இதைத்தான் நாம் கச்சான் என்கிறோம். உதடு வெடிப்பதும், கூரைத் தகரம் இரவெல்லாம் தடதடப்பதும் இதனால்தான்.

ஊவாத் தேயிலைக்கு உலகப் பெயர் வாங்கிக் கொடுத்ததும் இந்தக் காற்றுதான். ஜூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்றில் கொழுந்து மெதுவாக வளர்ந்து, தனி வாசம் கொள்ளும். கொழும்பு ஏலத்தில் அந்தப் பருவத்து நல்ல தேயிலைக்கு மதிப்பு அதிகம். ஆனால் அதே நாட்களில் மலையில் கொழுந்து குறைவு. கிலோக் கணக்கில் பேர் போடுகிற தோட்டத்துப் பெண்ணின் கூடை நிறைவதில்லை. வாசம் ஏறும்போது அவள் கைக்கு வருவது இறங்குகிறது என்பதை, மணக்க மணக்க ஊவாத் தேநீர் குடிப்பவர்களில் எத்தனை பேர் நினைத்துப் பார்ப்பார்கள்?

கிணற்றையும் இந்த மாதங்களில்தான் எட்டி எட்டிப் பார்ப்போம். 2014 இறுதியிலும் 2017இலும் உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் உடைத்துக்கொண்டு பாய்ந்தபோது, பண்டாரவளையைச் சுற்றியுள்ள கிராமங்களில் கிணறுகள் வற்றிப்போயின. வீட்டுச் சுவர்கள் வெடித்தன. அதன் பிறகு வரட்சி என்றாலே நம் பெண்கள் வானத்தைப் பார்க்கும் முன் கிணற்றைத்தான் பார்க்கிறார்கள்.

சரி, பழத்துக்கு வருவோம். கச்சான் வீசும் காலத்தில்தான் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கும் வெலிமடைப் பாதை ஓரங்களுக்கும் பேரிக்காய் வந்து குவியும். நாம் பியர்ஸ் என்றே கேட்டு வாங்குகிறோம். வெள்ளைக்காரர் நாட்டுக் குளிரில் வளர்கிற இனத்து மரம் இது. மார்கழி, தைக் குளிரில் ஓய்வெடுத்தால்தான் ஒழுங்காகப் பூக்கும். பூத்த பிறகு பின்னேர மழை பலமாக அடித்தால் தேனீ பறக்காது, காயும் குறையும். அதையும் தாண்டிப் பிடித்த காய்களைக் கச்சான் உலுக்கித் தள்ளும். ஆகவே சந்தையில் கூடையோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் இருப்பது அத்தனை சோதனைக்கும் தப்பிய காய்கள். பளபளக்கும் வெளிநாட்டு அப்பிளுக்குச் சொன்ன விலையை மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டு, இவளிடம் ஐம்பது ரூபாய்க்குப் பேரம் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

"கல்லு மாதிரி இருக்கு, மணல் மாதிரி நெறுநெறுக்குது" என்று பிள்ளைகள் முகம் சுளிக்கத்தான் செய்வார்கள். அந்த நெறுநெறுப்பு பேரிக்காய்ச் சதையின் இயல்பு, பழுது அல்ல. முற்றிய காயாகப் பார்த்து வாங்கி, கடதாசியில் சுற்றி அரிசிப் பானைக்குள் சில நாட்கள் வையுங்கள். காம்படியில் மெல்ல அமுக்கும்போது கொஞ்சம் இளகினால் சாப்பிடப் பதம். இளகாத காய்களைத் தோல் சீவி, நான்காக வெட்டி, சீனி, கறுவாப்பட்டை, இரண்டு ஏலக்காய் போட்டுச் சிறு தீயில் வேக விட்டால் விருந்தாளிக்கு வைக்கத் தகுந்த இனிப்பு. வெட்டியதும் கறுக்காமல் இருக்க எலுமிச்சம்புளி கலந்த தண்ணீரில் போடுங்கள். காற்றில் விழுந்த பிஞ்சுகளை உப்பு, மிளகாய்த்தூள், கொஞ்சம் வினாகிரி சேர்த்து அச்சாறாக்கினால், முகம் சுளித்த அதே பிள்ளைகள் போத்தலை வழித்துவிடுவார்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. நம் மாதங்கள் பிறையைப் பார்த்து வருவதால், ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாட்கள் ரமழான் முன்னுக்கு நகர்கிறது. 2013இல் நோன்பு ஜூலையில் வந்தது. நோன்பு திறக்கும் தட்டில் பேரீச்சம்பழத்துக்குப் பக்கத்தில் பியர்ஸ் துண்டுகளும் இருந்தன. 2026இல் பெப்ரவரிக்கு வந்துவிட்டது. பியர்ஸ் மரங்களில் அப்போது பழம் ஏது? அடுத்த முறை நோன்பும் பியர்ஸும் ஜூலையில் சந்திப்பதற்கு 2046 அளவில் ஆகிவிடும். இன்று தொட்டிலில் கிடக்கும் பிள்ளைகள் அன்று கஞ்சி காய்ச்சுவார்கள், இன்ஷா அல்லாஹ்.

பழக்காலம் முடிந்து ஒக்டோபர் பிறந்தால் பேச்சின் தொனியே மாறிவிடும். பிறகு தை வரை மழை நம் பக்கத்தில்தான். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் பலர் உயிர் பிழைத்து, மாலையில் திரும்பி வர வீடில்லாமல் நின்றார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது, பதுளை மாவட்டத்திலும் மண்சரிவு பல உயிர்களைக் கொண்டுபோனது.

ஆகவே வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று மழையையும் மரத்தையும் பற்றிப் பேசும் பெண்களை "வேலையற்ற பேச்சு" என்று சொல்லும் நானாமார்களுக்கு ஒரு வார்த்தை. மண்சரிவுக்கு முன் தெரியும் அடையாளங்களை முதலில் காண்பது வீட்டில் இருக்கிற பெண்கள்தான். நேராக நின்ற பியர்ஸ் மரமோ கொய்யா மரமோ ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். முற்றத்தில் நேற்று இல்லாத வெடிப்பு நீளமாக ஓடும். கதவு திடீரெனச் சட்டத்தில் இறுகும். மேட்டில் புதிதாக ஊற்று கிளம்பிக் கலங்கல் தண்ணீர் வரும், அல்லது ஓடிய ஊற்று நின்றுபோகும். அடைமழையில் இவற்றில் ஒன்றைக் கண்டாலும், "விடியட்டும் பார்ப்போம்" என்று இருக்காமல் பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள். பக்கத்து வீட்டையும் தட்டி எழுப்புங்கள். லயமாக இருந்தால் கடைசிக் காம்பரா வரை தட்டுங்கள்.

அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117. தொலைபேசியில் மட்டும் பதிந்து வைத்தால் போதாது, மழைக்குக் கரண்டும் போய்விடும். சுவரில் தொங்கும் கலண்டரின் ஓரத்தில், பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில், பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.