பிரிண்டர் முரண்டு பிடிக்கிறதா?

புதிதாக வாங்கிய வயர்லெஸ் பிரிண்டர் வீட்டு வைஃபையில் சேர மாட்டேன் என்கிறதா? உடனே கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள், சகோதரிகளே! வைஃபை பெட்டிகள் பல, 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசை தருபவை. விலை குறைந்த பிரிண்டர்கள் பலவற்றுக்கு 2.4 மட்டும்தான் எட்டும்.

மறுநாள் பிள்ளை பள்ளிக்கூடத்தில் கொடுக்க வேண்டிய படங்கள் நிற்க, எங்க வீட்டுப் பிரிண்டரும் இப்படித்தான் படுத்தியது. செல்போனை 2.4-க்கு மாற்றினேன். (பெயரின் கடைசியில் '5ஜி' என்றிருந்தால் அது மற்றது.) பிரிண்டரைப் பெட்டியின் பக்கத்தில் வைத்து, வயர்லெஸ் பொத்தானை விளக்கு மின்னும்வரை அழுத்திப் பிடித்தேன். பிறகு செல்போனில் பாஸ்வேர்டு கொடுத்ததும் சேர்ந்துகொண்டது!

ஒரே பெயர்தான் தெரிகிறதா? இணைப்பு கொடுத்தவரிடம் 2.4-க்குத் தனிப்பெயர் வைத்துத் தரச் சொல்லுங்கள். பாஸ்வேர்டில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கவனம்! ஒருமுறை சேர்ந்துவிட்டால், வைஃபை எட்டுகிற எந்த மூலையிலும் பிரிண்டரை வைத்துக்கொள்ளலாம்.