ஒரு கையெழுத்துப் போட என்ன பயம்?

என் அன்பான மாணவச் செல்வங்களுக்கும் உறவுகளுக்கும்,

இதை வாசித்துச் சிலர் கோபிப்பீர்கள். பரவாயில்லை. வகுப்பிலும் கோபித்தவர்கள்தானே.

சென்ற கிழமை, என்னிடம் படித்த ஒருவரின் மகன் தொலைபேசியில் பேசினான். பரிஸில் பிறந்து வளர்ந்தவன், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவன். வேலை கிடைத்து ஜேர்மனிக்குப் போயிருக்கிறான். எங்கள் ஆள் ஒருவரின் வீட்டில் அறை. முதலாம் திகதி வாடகை தவறாமல் வாங்குகிறார். முகவரி பதிய உறுதிப்பத்திரம் கேட்டால் மட்டும், "தம்பி, இருக்கலாம், பதிய ஏலாது" என்கிறாராம். இரண்டு மாதம் போய்விட்டது.

பிரான்சில் குடிமக்களுக்கு இப்படிப் பதியும் கட்டாயம் இல்லை. மின்சாரப் பட்டியலைக் காட்டியே முகவரியை நிரூபிக்கலாம். ஆகவே பெடியனுக்கு இது தெரியவில்லை. ஜேர்மனியில் இருபது வருடம் இருந்தவருக்குமா தெரியாது?

அங்கே குடிபுகுந்து இரண்டு கிழமைக்குள் பதிய வேண்டும். ஐரோப்பிய ஒன்றியக் கடவுச்சீட்டு இருந்தாலும் விலக்கில்லை. 2015 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, இடம் கொடுத்தவரும் அதே இரண்டு கிழமைக்குள் உறுதிப்பத்திரம் கொடுத்தே ஆகவேண்டும். தவறினால் 1,000 யூரோ வரை தண்டம். இது நீங்கள் செய்யும் உதவி அல்ல, உங்கள் கடமை.

பதியாவிட்டால் என்ன நடக்கும்? வரி எண் பதிந்த முகவரிக்குத் தபாலில்தான் வரும். அது இல்லாமல் நாள் நீண்டால் சம்பளத்தில் ஆறாம் வகுப்பு வரி, அதாவது ஆகக் கூடிய வெட்டு. பதியாததற்கான தண்டமும் அந்தப் பிள்ளையின் தலையில் விழலாம்.

நீங்கள் சொல்லும் சாட்டுகளையும் பார்ப்போம்.

"தொலைக்காட்சிக் கட்டணம் கூடும்." கூடாது. மாதம் 18.36 யூரோ ஒரு வீட்டுக்கு, ஆளுக்கு அல்ல.

"குப்பைக் காசு கூடும்." சில ஊர்களில் ஆள் கணக்கில் கூடும்தான். அதை அவனிடமே கேட்டு வாங்குங்கள்.

"நான் வாடகைக்கு இருப்பவன், சொந்தக்காரனுக்குத் தெரிந்துவிடும்." அப்படியானால் அவரிடம் முதலே கேட்டிருக்க வேண்டும். உள்வாடகைக்கு விட்டவரே உறுதிப்பத்திரத்தில் கையெழுத்திடலாம்.

உண்மைக் காரணம் பலருக்கு வேறு: அந்த வாடகையை வரிக்குக் காட்டவில்லை. உங்கள் களவுக்கு ஒரு பிள்ளையின் சம்பளமா விலை?

இன்னொரு கூட்டம் குடியிருக்காதவர்களுக்கு முகவரியை மட்டும் காசுக்கு விற்கிறது. அதற்கு 50,000 யூரோ வரை தண்டம் உண்டு. இருப்பவனுக்கு மறுப்பு, இல்லாதவனுக்கு விற்பனை! என்ன நியாயம் இது?

83க்குப் பிறகு வெறுங்கையோடு போன உங்களில் பலருக்கு யாரோ ஒருவர் இடம் கொடுத்துத்தானே காலூன்றினீர்கள்?

புதிதாகப் போகும் பிள்ளைகளே, முற்பணம் கொடுக்குமுன் "பதியலாமா?" என்று கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். பிறகு மறுத்தால் உடனே பதிவு அலுவலகத்துக்கு அறிவியுங்கள். அது காட்டிக்கொடுப்பு அல்ல, அறிவிக்கும்படி சட்டமே சொல்கிறது.

அந்த வீட்டுக்காரரும் இதை வாசிப்பார். அவரும் என்னிடம் படித்தவர்தான். பெயர் சொல்லமாட்டேன். தம்பி, நாளைக்கே கையெழுத்தைப் போட்டுக் கொடும். கொடுத்துவிட்டு எனக்கு ஒரு அழைப்பு எடும்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்