கரப்பானுக்கு யார் பொறுப்பு? வீட்டுப் பூச்சிக் கட்டுப்பாடு குறித்து எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

இடவப்பாதி மழை இறங்கியதும் ஆலுவாவிலும் மட்டாஞ்சேரியிலும் உள்ள நம் வீடுகளில் ஒரே பேச்சுதான். எலி உள்ளே வந்துவிட்டது, கரப்பான் பெருகிவிட்டது, கொசு தூங்கவிடவில்லை. ஆள் கூப்பிடலாமா, நாமே கடையில் மருந்து வாங்கி அடித்துவிடலாமா? இந்தக் கேள்வி சங்கத்தின் முன்னும் அடிக்கடி வருகிறது. கேட்கிற விதத்திலேயே பிழை இருக்கிறது என்பது எங்கள் கருத்து. இரண்டு வழியிலும் மருந்து அடிப்பது முடிவாகிவிட்டது; யார் அடிப்பது என்பது மட்டும்தான் பாக்கி. பூச்சிக்குத் தீனியும் தண்ணீரும் நுழைவாயிலும் கிடைக்காமல் செய்வதுதான் கட்டுப்பாட்டின் பெரும்பகுதி. அது வீட்டார் வேலை. காசு கொடுத்தாலும் எந்தக் கம்பெனியும் அதை நமக்காக தினமும் செய்து தராது. அதே சமயம், தண்ணீரில் கலக்கி அடிக்கும் மருந்தையும் வாயுவாக மாறும் மருந்தையும் எந்த வீட்டாரும் தொடக் கூடாது. இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் எங்கள் நிலைப்பாடு. முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட வேண்டாம்.

முதல் பாதிக்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. கொச்சிக்குத் தெற்கே சேர்த்தலைப் பகுதி ஒரு காலத்தில் யானைக்கால் நோய்க்குப் பேர்போனது. அங்கே நோயைப் பரப்பிய மான்சோனியா கொசுவிடம் ஒரு தந்திரம் இருந்தது. மற்ற கொசுக்களின் புழு மூச்சு வாங்க நீர்மட்டத்துக்கு வரும். எண்ணெய் ஊற்றினால் சாகும். மான்சோனியாவின் புழு மேலே வருவதே இல்லை. ஆகாயத்தாமரையின் வேரில் குழலைக் குத்தி, வேருக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சிக்கொண்டு தண்ணீருக்கடியிலேயே கிடக்கும். மேலே எதை ஊற்றினாலும் அதற்கு ஒன்றுமில்லை. 1980-களில் புதுச்சேரியின் வி.சி.ஆர்.சி. எனப்படும் கொசு ஆராய்ச்சி மையம் அங்கே வந்தபோது நம்பியது மருந்தை அல்ல, மக்களின் கையை. தென்னைக்கு உரமாகட்டும் என்று குளங்களில் விட்டுவைத்திருந்த ஆகாயத்தாமரையை வீட்டுக்காரர்களே வாரி எறிந்தார்கள். அந்த இடத்தில் மீன் வளர்த்தார்கள். மீன் காசு தந்ததால் குளம் சுத்தமாகவே இருந்தது. பள்ளிப் பிள்ளைகள்கூட ஃபில்கோ என்ற இயக்கமாகச் சேர்ந்தார்கள். கொசுவின் பிழைப்பு எதைச் சார்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னவர்கள் நிபுணர்கள். குளத்தில் இறங்கியவர்கள் வீட்டார். வேலையை எப்படிப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல முன்மாதிரி எங்களுக்குத் தெரியாது.

இன்றைய வீட்டிலும் அப்படிப்பட்ட குளங்கள் உண்டு, அளவில்தான் சிறியவை. ஃப்ரிட்ஜின் பின்புறம் கீழே, நீர் சொட்டி நிற்க ஒரு தட்டு இருக்கும். வாங்கிய நாள் முதல் அதை இழுத்துப் பார்க்காத வீடுகள்தான் அதிகம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அந்தத் தட்டு போதும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் தீராது. முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, அடுத்த நீரில் பொரிக்கும். நாரைப் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். கேரள சுகாதாரத் துறை ஞாயிறுதோறும் வீடுகளில் ‘டிரை டே’ என்று சொல்லிவருவது இதைத்தான். செப்டிக் டேங்கின் காற்றுக்குழாய் இன்னொன்று. அதன் வாயில் ஒரு துண்டு கொசுவலையைக் கட்டி முடிச்சுப் போட்டால் சாக்கடைக் கொசு வெளியேற வழியில்லை. கொசுப்புகை அடிக்கும் வண்டி தெருவில் போய்விட்டால் மனம் ஆறுகிறது; ஆனால் அந்தப் புகை அந்த நேரத்தில் பறக்கும் கொசுவைத்தான் கொல்லும். தட்டில் நெளியும் புழுவை அது தொடுவதே இல்லை.

எலி விஷயத்தில் வீட்டாரின் பங்கு இன்னும் பெரியது. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் அரிசியும் மிளகும் இஞ்சியும் அடுக்கிய பண்டகசாலைகள், அவற்றோடு சுவர் பகிரும் பழைய வீடுகள், கடல் ஏற்றத்தில் நிரம்பும் ஓடைகள். எலிக்கு இதைவிட வசதியான ஊர் எது? கட்டைவிரல் நுழையும் ஓட்டை இருந்தால் அது உள்ளே வந்துவிடும். அந்த ஓட்டையில் இரும்பு நாரைத் திணித்து சிமெண்ட் பூசுவது ஒரு கொத்தனாரின் அரைநாள் வேலை. எலிப்பெட்டி வைக்கிறவர்கள் பெரும்பாலும் முதல் நாளிலேயே கதவைத் தூக்கி மாட்டிவிட்டு, எலி விழவில்லை என்று அலுத்துக்கொள்கிறார்கள். புதிதாக ஒரு பொருள் வந்தால் எலி சில நாள் கிட்டவே வராது. மூன்று நான்கு இரவு பெட்டியின் கதவு விழாதபடி கட்டிவைத்து, உள்ளே சுட்ட தேங்காய்த் துண்டையோ கருவாட்டையோ சும்மா தின்னக் கொடுங்கள். ஐந்தாம் இரவு கட்டை அவிழ்த்துவிடுங்கள். செத்த எலியை வெறுங்கையால் எடுக்கக் கூடாது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் பெரியாறு ஆலுவாவை மூழ்கடித்த பிறகு வந்த எலிக்காய்ச்சலை இங்கு யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

கரப்பான்தான் எல்லாரையும் ஸ்ப்ரே டப்பாவின் பக்கம் ஓடவைக்கிறது. அடித்ததும் நாலு கரப்பான் மல்லாந்து விழுவது கண்ணுக்குத் தெரிகிறது. மிச்சம் குழாய் வழியே பக்கத்து ஃபிளாட்டுக்குப் போவது தெரிவதில்லை. சமையலறையில் நாம் பார்க்கும் சிறிய பழுப்புக் கரப்பானின் பெண், முப்பது நாற்பது முட்டை அடங்கிய பையைப் பொரிக்கும்வரை வாலில் தாங்கித் திரியும். பைக்குள் மருந்து சரியாகப் போவதில்லை. 2019-ல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒன்றைக் காட்டினார்கள்: ஒரு மருந்துக்குத் தப்பிய கரப்பான்களின் சந்ததி, தன் மேல் படாத வேறு வகை மருந்துகளையும் தாங்குகிறது, அதுவும் ஒரே தலைமுறையில். மருந்தை மாற்றி மாற்றி அடிக்கிற நம் வழக்கம் அவற்றுக்குப் பயிற்சி கொடுப்பதாகவே முடிகிறது. இரவில் சிங்க்கைத் துடைத்துக் காயவைப்பது, சிலிண்டருக்கு அடியில் சிந்தியதை வழிப்பது, அதற்கு மேல் தேவைப்பட்டால் கடையில் ஊசிக்குழலில் விற்கும் ஜெல்லைக் கடுகைவிடச் சற்றுப் பெரிய துளிகளாகக் கீல்களிலும் ஃப்ரிட்ஜ் மோட்டாரின் சூட்டுப் பக்கத்திலும் வைப்பது, இவ்வளவும் வீட்டாரால் முடியும். ஜெல் வைத்த இடத்தில் ஸ்ப்ரே அடித்தால் கரப்பான் ஜெல்லையும் அண்டாது. வாங்கியது இரண்டும் வீண்.

இப்போது நிலைப்பாட்டின் இரண்டாம் பாதி. ‘நாமே செய்யலாம்’ என்று ஒரு சங்கம் சொன்னால், அதைச் சாக்காக வைத்து வயல் மருந்தை வீட்டில் அடிக்கிறவர்கள் உண்டு என்ற ஆட்சேபம் நியாயமானது. அதனால்தான் கோட்டை இங்கே இழுக்கிறோம். பண்டகசாலையில் தானியத்துக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை ஈரக்காற்று பட்டதும் பாஸ்பீன் வாயுவாகும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. பொதுமக்களுக்கு அதை விற்கவே விதி இடமளிக்கவில்லை. ஆனாலும் தெரிந்தவர் மூலம் கிடைத்த ‘மூட்டைப்பூச்சி மாத்திரை’ என்று அது வீடுகளுக்கு வருவதுண்டு. வாங்காதீர்கள், யாராவது இனாமாகத் தந்தாலும் வேண்டாம். கறையானுக்கு அடிக்கும் மருந்தும் அப்படியே. கட்டி முடித்த வீட்டில் சுவரோரம் 12 மில்லிமீட்டர் துளை 30 சென்டிமீட்டருக்கு ஒன்றாகப் போட்டு மருந்து இறக்க வேண்டும் என்று ஐ.எஸ். 6313 தரநிர்ணயம் சொல்கிறது. நம் வளவுகளில் அந்தச் சுவரிலிருந்து எட்டிப்பார்க்கும் தூரத்தில் கிணறு இருக்கும். அளவு தெரியாமல் பாட்டிலைக் கவிழ்ப்பவர், தான் குடிக்கும் தண்ணீருக்குப் பக்கத்திலேயே கவிழ்க்கிறார். மண்ணில் போன மருந்து எங்கும் போய்விடாது என்பதை ஆலுவாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பக்கத்து ஏலூரில் 1950-களிலிருந்து இந்துஸ்தான் இன்செக்டிசைட்ஸ் ஆலை டி.டி.டி. தயாரித்தது. 1999-ல் கிரீன்பீஸ் அங்குள்ள குழிக்கண்டம் தோட்டின் சேற்றைச் சோதித்தபோது டி.டி.டி.யும் அது சிதைந்து உண்டான பொருள்களும் அதில் இருந்தன.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் பெஸ்ட் கன்ட்ரோல்காரரைக் கூப்பிடுவதுதானே பாதுகாப்பு என்பார்கள். 2024 நவம்பரில் சென்னை குன்றத்தூரில் நடந்ததை நினைவுபடுத்துகிறோம். எலித் தொல்லைக்காக வரவழைத்த ஆட்கள் வீட்டுக்குள் மருந்து வைத்துவிட்டுப் போனார்கள். அன்றிரவு கதவை மூடி, ஏ.சி. போட்டுத் தூங்கிய குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்துபோயின, பெற்றோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அந்த வீட்டார் தாங்களாக ஒன்றும் கலக்கவில்லை. காசு கொடுத்து ஆள் வைத்தார்கள். ஆள் வைத்ததாலேயே பொறுப்பு கைமாறிவிடாது. 1968-ன் பூச்சிமருந்துச் சட்டத்தின் கீழ் வந்த 1971 விதிகளின்படி இந்தத் தொழிலுக்கு உரிமம் வேண்டும். படிப்பும் பயிற்சிச் சான்றும் உள்ளவர் பொறுப்பில் வேலை நடக்க வேண்டும். வாசலில் வந்து நிற்கும் பையனிடம் உரிம எண், மருந்தின் பெயர், டப்பாவில் உள்ள பதிவு எண், லேபிளில் உள்ள முக்கோணத்தின் நிறம், எத்தனை மணி நேரம் வெளியே இருக்க வேண்டும் என்ற ஐந்தையும் கேளுங்கள். சிவப்பு முக்கோணம் கடும் விஷம். அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. லேபிள் கிழிந்த பாட்டிலிலிருந்து ஊற்றுகிறார் என்றால் நிறுத்தச் சொல்லுங்கள். முகமூடியும் கையுறையும் இல்லாமல் அவர் வேலை செய்தாலும் நிறுத்த வேண்டும். முதலில் அந்த நஞ்சை மூச்சில் இழுப்பவர் அவர்தான்.

ஆண்டு ஒப்பந்தம் என்ற ஏற்பாட்டை நாங்கள் ஆதரிக்கவில்லை. பூச்சி இருக்கிறதா என்று பார்க்காமலே மூன்று மாதத்துக்கு ஒருமுறை அடித்துவிட்டுப் போவது சிகிச்சை அல்ல, சந்தா. கறையான், வீடு முழுக்கப் பரவிய மூட்டைப்பூச்சி, தேன்கூடு, குளவிக்கூடு போன்றவற்றுக்கு ஆள் கூப்பிடத்தான் வேண்டும். அதற்குச் செலவழிக்கத் தயங்கக் கூடாது. கொசுவர்த்தியை மலிவான மாற்று என்று யாரும் எண்ண வேண்டாம். மூடிய அறையில் ஒரு சுருள் எரிந்து முடியும்போது வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. கொசுவலை ஒருமுறைச் செலவுதான்.

எங்கள் வாதத்தின் பலவீனமான இடமும் எங்களுக்குத் தெரியும். ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் தங்கி இரவும் பகலும் ஷிப்டு மாறும் தொழிலாளரிடம் போய் ஓட்டையை அடையுங்கள், சிங்க்கைத் துடையுங்கள் என்று சொல்வது எளிது. சுவர் அவருடையதல்ல, ஓட்டையை அடைப்பது வாடகை வாங்குபவரின் கடமை. அதுபோல கல்வத்தி ஓடையை ஒரு வீட்டார் தூர்வார முடியாது. அது கொச்சி மாநகராட்சியின் வேலை, இங்கே ஆலுவாவில் நகராட்சியின் வேலை. வீட்டார் பொறுப்பைப் பேசுகிற நாங்கள், அதைக் காட்டி வாடகை வாங்குபவரும் மாநகராட்சியும் நகராட்சியும் தப்பித்துக்கொள்ள விடமாட்டோம். சேர்த்தலையிலும் மக்கள் தனித்தனியாகக் குளத்தில் இறங்கியிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது.

ஆகவே சங்கம் முடிவு செய்திருப்பது இது. பொதுப் படிக்கட்டிலும் மாடியிலும் மாதந்தோறும் மருந்து அடிக்கும் வழக்கத்தை நிறுத்துகிறோம். அந்தப் பணத்தில் உறுப்பினர் வீடுகளின் காற்றுக்குழாய்களுக்கு வலை கட்டப்படும். எலிப்பெட்டிகள் வாங்கி இரவல் தரப்படும். ஆள் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், மருந்தின் பெயரும் அடித்த நேரமும் எழுதிய தாள் அந்த வீட்டின் கதவில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். மாடியில் குடியிருப்பவருக்கும் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். வீட்டில் பழைய மாத்திரை டப்பாவோ பெயர் தெரியாத பாட்டிலோ வைத்திருப்பவர்கள் அதைக் குப்பையில் போடவோ சாக்கடையில் ஊற்றவோ வேண்டாம். மூடியைத் திறக்காமல், குழந்தைக்கு எட்டாத இடத்தில், ஈரம் படாமல் வைத்துவிட்டுச் செயலாளரிடம் தெரிவியுங்கள்.