கடன் எடுக்கும் முன் சோதனை: தென்னமாரம் சொல்லும் பாடம்

கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டப்புற இளைஞர்களிடம் தொழில் யோசனைக்குப் பஞ்சமில்லை. இந்தியத் தொழில்முனைவோருக்கென்று தெக்குன் நேஷனலின் ஸ்பூமி கடனுதவியும் இருக்கிறது. ஆனால் யோசனை எடுபடாவிட்டாலும் மாதத் தவணையைக் கட்டியே ஆகணும்.

செம்பனை எப்படி வந்தது?

இங்கே செம்பனையே ஒரு சோதனைதான். பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோக்கோனியே, 1910களின் தொடக்கத்தில் ரந்தாவ் பாஞ்சாங்கில் கொஞ்சம் நட்டுப் பார்த்தார். 1917-இல்தான் இன்றைய பெஸ்தாரி ஜெயா அருகே, தென்னமாரம் தோட்டத்தில் வணிக அளவில் பயிரிட்டார். அதுவரை கைகொடுக்க அவரிடம் ரப்பர் இருந்தது. உங்களுக்கு அந்த ரப்பர், இப்போது பார்க்கும் வேலை. அவசரப்பட்டு விட்டுடாதீங்க.

நாம எப்படிச் சோதிப்பது?

முறுக்கு விற்கப் போறீங்களா? கடை வாடகைக்கு எடுக்கும் முன், சில வாரம் ஆர்டர் எடுத்து மட்டும் செய்து பாருங்க. சொந்தக்காரங்க "நல்லாருக்கு"ன்னு சொல்றது கணக்கில் வராது. முன்பின் தெரியாதவர் காசு கொடுத்து, மறுபடியும் வாங்குறாரா? எண்ணெய், கேஸ், பெட்ரோல், உங்கள் உழைப்புக்கூலி போக மிஞ்சுதா? தீபாவளி விற்பனையை வைத்து முடிவெடுக்காதீங்க. சாதாரண மாதம்தான் உண்மையைச் சொல்லும்.

பதிவு வேண்டுமா?

வேண்டும். தொழில் தொடங்கி 30 நாளுக்குள் எஸ்எஸ்எம்மில் பதியணும். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் 60 ரிங்கிட். உணவுத் தொழில் என்றால் டைபாய்டு தடுப்பூசியும் உணவு கையாளும் பயிற்சியும் கட்டாயம்.

சோதனையில் எழுதி வைத்த கணக்கு, பிறகு கடன் கேட்கும்போதும் உதவும்.