சைவம் மட்டும் என்றால் சாதி மட்டும் என்றே பொருள்

சென்னையில் வாடகை வீடு தேடுபவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி வாடகையைப் பற்றியது அல்ல. "நீங்க எந்த ஊரு?" என்பதுதான். ஊரைச் சொன்னால், "அங்க எந்தப் பக்கம்?" அதையும் சொன்னால், "அப்பா என்ன பண்றார்?" அப்போதும் பிடிபடவில்லை என்றால், "வீட்டுல நான்-வெஜ் சமைப்பீங்களா?" இந்த நான்கு கேள்விகளில் 'சாதி' என்ற சொல் எங்கும் இல்லை. ஆனால் நான்காவது கேள்வி முடிவதற்குள் கேட்பவருக்கு வேண்டிய விடை கிடைத்துவிடும். அடுத்த நாள் தரகர் போன் செய்வார்: "சார், ஓனரோட சொந்தக்காரங்களே வர்றாங்களாம்."

1957-இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் பெயர்ப் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எதிர்த்துப் பெரியார் போராட்டம் அறிவித்தார். மாதக்கணக்கில் தோழர்கள் அணி அணியாகச் சென்று கைதானார்கள். உணவகங்களில் அந்தச் சொல் மறைந்தது. ஆனால் மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் நங்கநல்லூரிலும் வீட்டு வாசலில் தொங்கும் 'டு-லெட்' அட்டையைப் படித்துப் பாருங்கள். 'சைவம் மட்டும்' என்று இருக்கும். அன்றைய 'பிராமணாள்' இன்று காய்கறி வேடம் போட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

பலகை வைப்பவர் பார்ப்பனர் மட்டுமே என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. ஞாயிறுதோறும் கறிக்குழம்பு கொதிக்கும் வீட்டுக்காரரும் இருக்கிறார். அவருக்கு அசைவம் பிரச்சினையே இல்லை. "நம்ம ஆளுங்களா?" என்று மட்டும் கேட்பார். அவர் வீட்டுக் கூடத்தில் பெரியார் படம்கூட மாட்டியிருக்கலாம்.

நான் முனைவர் பட்ட ஆய்வாளன். எழும்பூர் ஆவணக் காப்பகமும் கன்னிமாரா நூலகமும்தான் என் வேலைக் களம். எனக்கு வேண்டியது கடற்கரை–தாம்பரம் ரயில் தடத்தில் ஓர் அறை. நடந்து போய் ரயில் ஏறும் தூரம் போதும். கேட்ட வாடகையைக் கொடுக்க உதவித்தொகை இருந்தது, கொடுத்தால் ஆள் சரியில்லை என்றார்கள். கடைசியில் கூடுவாஞ்சேரியைத் தாண்டி, நிலையத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடிக்கும் இடத்தில்தான் வீடு கிடைத்தது. போக வர ஒரு நாளைக்கு மூன்றரை மணி நேரம். வாரத்தில் ஆறு நாள் என்றால் 21 மணி நேரம். என்னோடு ஆய்வு செய்யும் நண்பர்கள் அந்த நேரத்தில் படிக்கிறார்கள், எழுதுகிறார்கள், தூங்குகிறார்கள். என் சாதிக்கு நான் கட்டும் வரி அது. எந்த ரசீதிலும் அது வராது.

என் சக ஆய்வாளரான தோழிக்கு இந்த வரி இரட்டிப்பு. நூலகத்தில் இருந்து இருட்டுவதற்கு முன்பே அவர் கிளம்பியாக வேண்டும். நிலையத்தில் இருந்து அவர் அறைக்குப் போகும் தெருவில் விளக்கு இல்லை. தரகர்கள் ஒரு சொல்லை அடிக்கடி பயன்படுத்துவார்கள்: "இது சேஃப் ஏரியா, டீசன்டான ஏரியா." அதன் பொருள் தெருவிளக்கு இருக்கிறது என்பதல்ல. பக்கத்தில் சேரி இல்லை என்பதுதான். யார் இல்லாததைப் பாதுகாப்பு என்கிறார்களோ, அவருடைய மகள் எங்கே பாதுகாப்பாகத் தங்குவது என்று யாரும் கேட்பதில்லை.

1917-இல் கொலம்பியாவில் படித்துத் திரும்பிய அம்பேத்கர், பரோடா அரசுப் பணியில் சேரச் சென்றார். தங்க இடம் கிடைக்காமல் ஒரு பார்சி விடுதியில் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்த கும்பல் அவரை வெளியேறச் சொன்னது. நண்பர்களும் கைவிரித்தார்கள். பம்பாய் ரயில் வரும்வரை ஒரு பூங்காவில் காத்திருந்தார். நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. தடி மட்டும்தான் காணாமல் போயிருக்கிறது.

சட்டம் என்ன செய்கிறது? அரசமைப்பின் 15(2) பிரிவு கடை, உணவகம், தங்கும் விடுதி, கிணறு, குளம், சாலை ஆகியவற்றில் பாகுபாட்டைத் தடை செய்கிறது. வாடகை வீடு அந்தப் பட்டியலில் இல்லை. 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தீண்டாமையின் பெயரால் ஒருவர் குடியேறுவதைத் தடுப்பதையும் குற்றம் என்கிறது. ஆனால் வாய்விட்டுச் சொல்லப்படாத சாதியை வைத்து எந்தக் காவல் நிலையத்தில் புகார் கொடுப்பது? 2005-இல் பார்சிகளுக்கு மட்டும் என்ற வீட்டுவசதிச் சங்க விதியை உச்ச நீதிமன்றமே செல்லும் என்றது. 2017-இல் இயற்றப்பட்டு 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம் ஒப்பந்தம், பதிவு, வெளியேற்றம் பற்றியெல்லாம் பேசுகிறது. சாதி, மதம் பார்த்து வீடு மறுக்கக் கூடாது என்ற ஒரு வரி அதில் இல்லை. சமூகநீதி மண்ணின் சட்டம் இது.

"என் வீடு, என் விருப்பம்" என்பார்கள். சரி, பேசுவோம். அந்த வீட்டு வாடகை ஏன் ஏறியது? பக்கத்தில் மெட்ரோ வந்ததால். மெட்ரோ யார் பணத்தில் வந்தது? நம் எல்லோருடைய வரியிலும் கடனிலும். பொதுப் பணம் ஏற்றிவிட்ட வாடகையை வாங்கிக்கொண்டு, அதே பொதுமக்களில் ஒரு பகுதியை வாசலில் நிறுத்துவது சொத்துரிமை அல்ல, கொள்ளை. அந்த வீட்டின் கழிவுநீர்க் குழி அடைத்துக்கொண்டால் யாரைக் கூப்பிடுகிறார்கள்? அப்போது மட்டும் 'சைவமா அசைவமா' என்று கேட்பதில்லையே.

தனியார் கதவை மூடினால் அரசு ஊருக்கு வெளியே தள்ளுகிறது. கூவம், அடையாறு கரைகளில் வாழ்ந்த உழைக்கும் மக்களை, அவர்களில் பெரும்பகுதி தலித்துகளை, 2000-இல் இருந்து கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ரயில் எட்டாத இடங்களில் கொண்டுபோய்க் குவித்தார்கள். பெண்களுக்கு 2021 முதல் நகரப் பேருந்து இலவசம். நல்ல திட்டம், வரவேற்கிறோம். ஆனால் வீட்டு வேலைக்காக விடியலில் மயிலாப்பூர் கிளம்பும் பெண்ணுக்கு, டிக்கெட் இலவசம் ஆனதே தவிரத் தூரம் குறையவில்லை.

டெல்லி வட்டாரத்தில் சுகதேவ் தோரட்டும் அவரது சக ஆய்வாளர்களும் செய்த ஓர் ஆய்வு 2015-இல் வெளிவந்தது. வருமானமும் வேலையும் ஒன்று, பெயர் மட்டும் வேறு என்று வைத்து வீட்டுக்காரர்களை அணுகினார்கள். தலித் பெயருக்கும் இஸ்லாமியப் பெயருக்கும் மறுப்பும் கூடுதல் நிபந்தனையும் கிடைத்தன. இஸ்லாமியர் நிலை இன்னும் மோசம். இதே சோதனையைத் தமிழ்நாடு அரசே ஆண்டுதோறும் சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் நடத்தட்டும். வாடகைச் சட்டத்தில் திருத்தம் வரட்டும்: சாதி, மத, உணவு நிபந்தனையோடு விளம்பரம் செய்தால், தரகரோ செயலியோ உரிமையாளரோ, அபராதம். மெட்ரோ, ரயில் நிலையங்களை ஒட்டிய அரசு நிலத்தில் வணிக வளாகம் கட்டும் முன், மாணவருக்கும் தொழிலாளருக்கும் தனித்து வாழும் பெண்ணுக்கும் வாடகைக் குடியிருப்பு கட்டப்படட்டும்.

இதை வாசிக்கும் தோழர்களில் பலர் நண்பர்களோடு வீடு எடுத்துத் தங்கியிருப்பவர்கள். 'ஃப்ளாட்மேட் தேவை, வெஜ் மட்டும்' என்ற பதிவைப் பகிர்ந்தவர்களும் உங்களில் இருக்கலாம். வீட்டுக்காரர் உங்களிடம் அந்த நான்கு கேள்விகளைக் கேட்டபோது, சரியான விடை உங்களிடம் இருந்தது. அதனால்தான் சாவி கிடைத்தது. அடுத்த முறை விடை சொல்லாதீர்கள். "எதற்குக் கேட்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேளுங்கள். கேட்க வேண்டிய இடத்தில் நிற்பவர் நீங்கள்தான். எங்களுக்கு அந்த வாசலே திறப்பதில்லை.