பதுளைக்குப் புறப்படும் முன்...



நம் பெண் பிள்ளைகள் ஆய்வுக் கட்டுரை எழுதி மாநாடுகளில் வாசிக்கும் நிலைக்கு வந்துவிட்டார்கள், அல்ஹம்துலில்லாஹ். பதுளையில் 2005ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாநாட்டுக்கு மகளின் கட்டுரை தெரிவாகிறது என்று வைத்துக்கொள்வோம். "அவ்வளவு தூரம் எப்படிப் போவது? எங்கே தங்குவது?" என்ற பேச்சுத்தான் வீட்டில் முதலில் எழும். அதற்குப் பதில் கிடைக்காமல் பிள்ளையின் உழைப்பு அலுமாரிக்குள் முடங்கிவிடக் கூடாது.

முதலில் துணையை முடிவு செய்யுங்கள். வாப்பாவோ நானாவோ கணவரோ லீவு போட்டுக்கொண்டு கூடப் போகட்டும். மஹ்ரம் துணை என்பது பெண்ணின் பாதுகாப்புக்காக. அவளை வீட்டில் இருத்தி வைப்பதற்குச் சாட்டு அல்ல. "நேரமில்லை" என்று சொல்லும் ஆண்கள், கல்யாண வீடுகளுக்காக எத்தனை நாள் லீவு எடுத்தார்கள் என்று எண்ணிப் பார்க்கட்டும்.

பல்கலைக்கழகம் பசறை வீதியில், இரண்டாம் மைல் கல்லருகே இருக்கிறது. கிழக்கிலிருந்து பிபிலை, லுணுகலை, பசறை வழியாக வருவோர் நகருக்குள் போகாமல் முன்பே இறங்கிக்கொள்ளலாம். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை, அப்புத்தளை, பண்டாரவளை வழியாக வருவோர் நகரில் இறங்கி பசறைப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏற வேண்டும்.

பதுளைக்கு ரயில் வந்தது 1924இல். ஆனால் 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயல் மலையகப் பாதையைக் கடுமையாகச் சேதப்படுத்தியது. ரயிலை நம்பி நாள் குறிக்குமுன் நிலையத்தில் விசாரியுங்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை ஊவாவில் மழை பலமாகப் பெய்யும். கொஸ்லாந்தை மீரியபெத்தை தோட்டத்து லயங்களை மண் மூடியது 2014 அக்டோபர் 29இல்தான். எனவே மாநாட்டுக்கு முதல் நாளே, பகல் வெளிச்சத்தில் போய்ச் சேருங்கள். மலை வளைவுகளில் தலை சுற்றுவோர் வெறும் இஞ்சித் துண்டொன்றை வாயில் ஒதுக்கிக்கொள்ளலாம்.

தங்குமிடம் பற்றி முதலில் மாநாட்டுச் செயலகத்துக்கே எழுதிக் கேளுங்கள். எல்ல வெளிநாட்டார் கூடும் ஊர். அறை வாடகை கூடுதல். பதுளை நகரிலேயே தங்கினால் பள்ளிவாசலும் ஹலால் உணவும் கிட்ட இருக்கும். அறைக் கதவின் தாழ்ப்பாள், சுடுதண்ணீர், குளியலறை மூன்றையும் கூடப் போகிறவர் முன்னதாகவே பார்க்கட்டும். கம்பளிச் சட்டையும் குடையும் மறக்க வேண்டாம்.

தொழுகையைப் பற்றிக் கவலை வேண்டாம். ஷாஃபிஈ மத்ஹபின்படி, ஊர் எல்லையைத் தாண்டியபின் லுஹர், அஸர், இஷாவை இரண்டிரண்டு ரக்அத்துகளாகத் தொழலாம். பகல் முழுதும் பஸ்ஸில் இருப்பவர், லுஹர் நேரம் முடியுமுன்னே நிய்யத் வைத்து, லுஹரை அஸருடன் சேர்த்துத் தொழலாம். வந்த நாளும் திரும்பும் நாளும் நீங்கலாக நான்கு நாளுக்குக் குறைவாகத் தங்குவோருக்குப் பதுளையிலும் இச்சலுகை உண்டு. மஃரிபையும் ஸுப்ஹையும் சுருக்க முடியாது.

வழியில் கொழுந்து பறிக்கும் பெண்களைக் காண்பீர்கள். அவர்களும் நம்மைப் போல் ஒரு வீட்டின் உம்மாமார், பிள்ளைகள். கேட்காமல் படம் பிடிக்காதீர்கள். அவர்களைப் பற்றித்தான் மகளின் கட்டுரை என்றால், மேடையேறுமுன் அவர்களில் ஒருவரோடாவது உட்கார்ந்து பேசிவிட்டு வரட்டும்.

வஸ்ஸலாம்.