28 நாளில் ஒரு மாதம்!

தமிழ் மாதத்துக்கு 29 முதல் 32 நாள் வரை உண்டு. ஆங்கில மாதத்துக்கு 30 அல்லது 31. பிப்ரவரி மட்டும் கொஞ்சம் இளைத்துப்போன பிள்ளை. திருப்பூரில் மாதமே கிடையாது, சனிக்கிழமைதான் உண்டு. பனியன் கம்பெனியில் சம்பளம் அன்றைக்குத்தானே! இந்த செல்போன் கம்பெனிக்காரர்கள் மட்டும் வருடம் முழுக்கப் பிப்ரவரியிலேயே குடித்தனம் நடத்துகிறார்கள். ரீசார்ஜ் செய்தால் 28 நாள்!

365-ஐ 28-ஆல் வகுத்துப் பாருங்கள். பதிமூன்று மாதம், மிச்சம் ஒரு நாள். (பி.காம். படித்ததில் இன்றைக்கும் சோறு போடுவது இந்த வகுத்தல் கணக்குதான்.) வீட்டுக்காரர் வருடத்துக்குப் பதிமூன்று மாத வாடகை கேட்டால் வாசலில் ரகளையே நடக்கும். இங்கே மட்டும் சத்தமில்லாமல் கட்டிவிட்டு வருகிறோம். 2022-ல் ட்ராய், அதாவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், ஒவ்வொரு கம்பெனியும் 30 நாள் பிளான் ஒன்றையும், மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கும் பிளான் ஒன்றையும் வைத்தே ஆகவேண்டும் என்று உத்தரவு போட்டது. வைத்தார்கள். ஆனால் கடைக்காரர் அதைத் தானாக வாய் திறந்து சொல்வாரா என்றால்... கேட்டால்தான் வரும். ஓட்டலில் இலவசச் சட்னி மாதிரி.

* * *

இந்தியாவின் முதல் செல்போன் பேச்சு 1995 ஜூலை 31-ல். கல்கத்தாவிலிருந்து முதல்வர் ஜோதி பாசு, டெல்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமிடம் பேசினார். அந்தக் காலத்தில் உச்ச நேரத்தில் நிமிடத்துக்கு 16 ரூபாய்க்கு மேல். இதில் வேடிக்கை, வருகிற போனுக்கும் காசு! யாரோ ராங் நம்பர் போட்டு 'சுப்பிரமணி இருக்கானா?' என்று கேட்டால் பர்ஸ் இளைப்பது உங்களுக்கு.

2003-ல்தான் இன்கமிங் இலவசம் ஆனது. தமிழன் உடனே மிஸ்டு கால் என்கிற மகத்தான சாஸ்திரத்தை வளர்த்தான். ஒரு மணி அடித்து நின்றால் பஸ் ஏறியாச்சு. இரண்டு என்றால் வீடு சேர்ந்தாச்சு. மூன்றாவது மணியும் அடித்தால் நிஜமாகவே ஏதோ சமாசாரம், எடுக்கலாம். பத்து ரூபாய் போட்டுவிட்டு ஆறு மாதம் ஓட்டிய மகான்களை எனக்குத் தெரியும்.

2018 கடைசியில் அந்த ராமராஜ்ஜியம் முடிந்தது. குறைந்தபட்ச ரீசார்ஜ் என்று ஒன்று வந்தது. ஆரம்பத்தில் 28 நாளைக்கு 35 ரூபாய். அப்புறம் படிப்படியாக ஏறி, 2024 ஜூலையில் ஏர்டெல்லின் 28 நாள் அன்லிமிடெட் பிளான் 199-ல் தொடங்கியது. கவனிக்க வேண்டியது விலை மட்டுமல்ல. இப்போது பணம் கட்டுவது பேசுவதற்கு இல்லை, வேலிடிட்டிக்கு. அது தீர்ந்தால் முதலில் நீங்கள் யாரையும் கூப்பிட முடியாது. கொஞ்ச நாளில் யாரும் உங்களைக் கூப்பிட முடியாது.

எங்கள் பெரியம்மா விஷயத்தில் நடந்தது இதுதான்.

* * *

குண்டடம் பக்கம் தோட்டத்தில் தனியாக இருக்கிறார். இரண்டு மாடு, ஏழெட்டு ஆடு, சுருக்குப் பையில் ஒரு பட்டன் போன். அண்ணனும் அண்ணியும் 15 வேலம்பாளையத்தில் வாடகை வீடு. அவர் கட்டிங், அவர் சம்சாரம் ஓவர்லாக். ஷிப்மெண்ட் நெருங்கினால் இரண்டு பேருக்கும் ஒன்றரை ஷிப்டு. போன ஆடியில் அப்படி ஒரு நெருக்கடி வாரத்தில், அம்மாவுக்கு ரீசார்ஜ் தேதி தாண்டிவிட்டது.

அன்று சாயங்காலம் பார்த்துப் பெரியம்மா கட்டுத்தரையில் வழுக்கி விழுந்தார். மணிக்கட்டு போயிற்று. எழ முடியவில்லை. பையிலிருந்து போனை எடுத்து, மகனுக்கென்று சொல்லிவைத்திருந்த பட்டனை அழுத்தியிருக்கிறார். மறுநாள் காலையில் பால் எடுக்க வந்தவர் பார்த்துத்தான் தூக்கினார்.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டோடு பெரியம்மா சொன்னது: "ஆரோ ஒரு அம்மிணி பேசுனா கண்ணு. நா உழுந்துட்டனுங் சாமி, எம்பையனுக்குச் சொல்லுன்னு அவகிட்டத்தான் கெஞ்சுனேன். காதுலயே வாங்காம அவபாட்டுக்குப் பேசிட்டே இருந்தா."

அந்த அம்மிணி 'உங்கள் பேக் முடிந்துவிட்டது' என்று சொல்லிக்கொண்டிருந்திருப்பாள். சிரிப்பு வந்தது. சிரிக்க முடியவில்லை.

* * *

அந்த ஞாயிற்றுக்கிழமை குடும்ப மாநாடு கூடியது. கல்லூரியில் படிக்கும் பையன், "பாட்டிக்கு தினம் 2 ஜி.பி. போட்டுடலாம்" என்றான். பெரியம்மா யோசித்துவிட்டு, "அந்த ஜீபீய என்ன பண்றது சாமி? ஆட்டுக்கு வெச்சாத் திங்குமா?" என்றார். விவாதம் அத்தோடு முடிந்தது. விசாரணைப் பொறுப்பு எழுதுகிற ஆள் என்பதால் என் தலையில் விழுந்தது. விசாரித்ததை வாசகர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு பெரியம்மா இருப்பார்.

முதல் பாடம்: பிளானைப் பார்க்காதீர்கள், டவரைப் பாருங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் அன்லிமிடெட் என்பது, தண்ணீர் வராத குழாய்க்கு வெள்ளிப் பூண் போட்ட மாதிரி. அலைவரிசை தாழ்வாக இருந்தால் அலை தூரம் போகும், சுவரையும் ஓரளவு துளைக்கும். 700, 800, 900 மெகாஹெர்ட்ஸ் எல்லாம் அந்த ஜாதி. 5ஜி-யின் 3300 மெகாஹெர்ட்ஸ் வேகம் ஜாஸ்தி, ஆனால் சீக்கிரம் களைத்துப்போகும். டவர்கள் நெருக்கமாக நின்றால்தான் கதை நடக்கும். அவிநாசி ரோட்டில் நிற்கும். ஊருக்கு ஊர் நாலு கிலோமீட்டர் காடாகக் கிடக்கிற மூலனூர், குண்டடம் பக்கம் வேறு கதை.

எந்தக் கம்பெனிக்கு எங்கே டவர் என்று பார்க்க, தொலைத்தொடர்புத் துறையின் 'தரங் சஞ்சார்' இணையதளம் 2017-லிருந்து இருக்கிறது. கம்பெனிகள் தங்கள் கவரேஜ் வரைபடத்தை வெளியிட வேண்டும் என்று 2024-ல் ட்ராயும் சொல்லியிருக்கிறது. பாருங்கள். ஆனால் வரைபடத்தில் பச்சை அடித்திருப்பதால் கட்டுத்தரையில் மணி அடிக்கும் என்று அர்த்தமில்லை. அதற்கு வேறு நிபுணர்கள் இருக்கிறார்கள்: பால் வண்டிக்காரர், தபால்காரர், எல்லாரையும் விட, கம்பெனி பஸ் டிரைவர். விடிகாலையில் கிராமம் கிராமமாகப் போய் ஆள் ஏற்றி வருகிறவர். "அந்தப் பள்ளம் எறங்குனா இவனுக்குக் கட்டாகும், வாய்க்கா தாண்டுனா அவனுக்குக் கட்டாகுமுங்" என்று ஸ்டாப் வாரியாக ஒப்பித்தார்.

கேட்டதோடு விடாமல், மூன்று கம்பெனி சிம் வைத்திருந்த மூன்று சொந்தக்காரர்களை அழைத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனோம். வாசலில் எல்லாப் போனும் ஜம்மென்று எடுத்தது. ஓட்டு வீட்டுக்குள் ஒன்று படுத்தது. கட்டுத்தரைக்குப் போனால் இன்னொன்றும் படுத்துவிட்டது. நின்றது ஒன்றே ஒன்று. சாயங்காலம் ஏழு மணிக்கு மறுபடி சோதித்தோம். ஊரே பேசுகிற நேரத்திலும் தாங்குகிறதா என்று தெரிய வேண்டுமல்லவா? உங்கள் ஊரில் வேறு ஒன்று நிற்கலாம் என்பதால் கம்பெனி பெயரைச் சொல்லவில்லை. முறைதான் முக்கியம்.

இரண்டாம் பாடம்: கையிலிருக்கும் போன் அந்த நெட்வொர்க்குக்கு ஒத்துவருமா? ஜியோவில் 2ஜி கிடையாது. 2016-ல் பிறந்தபோதே 4ஜி. பழைய 2ஜி பட்டன் போனில் ஜியோ சிம்மைச் செருகினால் தேமே என்று கிடக்கும். அதற்கு 4ஜி-யில் பேசக்கூடிய பட்டன் போன் வேண்டும். 2023 ஜூலையில் ஜியோ பாரத் என்று 999 ரூபாய்க்கு ஒன்று வந்தது. பி.எஸ்.என்.எல். சங்கதி தனி. 2024 ஜூலையில் மற்றவர்கள் விலை ஏற்றியபோது அது ஏற்றவில்லை. உள்நாட்டுத் தொழில்நுட்பத்தில் அதன் 4ஜி சேவை 2025 செப்டம்பரில் முறைப்படி தொடங்கியது. உங்கள் ஊர் டவரில் எடுத்தால் யோசிக்கலாம்.

* * *

மூன்றாம் பாடம் கணக்கு. இங்கேதான் நமக்கு உற்சாகம்.

பேச மட்டும் போன் வைத்திருப்பவர் தலையில் டேட்டாவையும் கட்டாதீர்கள் என்று 2024 டிசம்பர் 23-ல் ட்ராய் விதி திருத்தியது. பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் உள்ள பேக் தனியாக வேண்டும். இப்படிப்பட்ட சிறப்புப் பேக்குகளின் நாள் 365 வரை போகலாம் என்றது. 2025 ஜனவரியில் வந்த விலைகள்: ஏர்டெல்லில் 84 நாளுக்கு 469, 365 நாளுக்கு 1849. ஜியோவில் 84 நாளுக்கு 448, 336 நாளுக்கு 1748. விலை அடிக்கடி மாறும் சரக்கு. போடுகிற அன்று கேட்டுக்கொள்ளுங்கள். மாறாதது சூத்திரம்: விலையை நாளால் வகு.

199-ஐ 28-ஆல் வகுத்தால் நாளைக்கு 7 ரூபாய் 11 காசு. 469-ஐ 84-ஆல் வகுத்தால் 5.58. 1849-ஐ 365-ஆல் வகுத்தால் 5.07. அந்த 336-ஐயும் கவனியுங்கள்: பன்னிரண்டு இருபத்தெட்டு! 'வருஷ பிளான்' என்று காதில் விழும். வருஷத்தில் 29 நாள் காணாமல் போயிருக்கும்.

199-ஐப் பதிமூன்று முறை போட்டால் 2587 ரூபாய். ஒரே தடவையில் போட்டால் 1849. வித்தியாசம் 738. (199-ல் கொஞ்சம் டேட்டா உண்டுதான். அதை ஆடு தின்னாது என்று முன்பே பார்த்தோம்.)

இது யாருக்கு விழுகிற நஷ்டம்? சனிக்கிழமை சம்பளம் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை மளிகைக்குக் கொடுத்து, திங்கட்கிழமை வெறும் கையோடு ஷிப்டுக்குப் போகிறவருக்கு. மொத்தமாக 1849 இருப்பவனுக்கு நாளைக்கு ஐந்து ரூபாய். இல்லாதவனுக்கு ஏழு. மொத்த விலை வேறு, சில்லறை விலை வேறு என்பதைக் காதர்பேட்டைக்காரர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அங்கே சில்லறைக்கு வாங்கினால் பனியனாவது அடுத்த வருடமும் இருக்கும்.

தீபாவளி போனஸில் போட்டுவிடலாமே என்றார் அண்ணன். நல்ல யோசனை, ஆனால் காலண்டர் ஒத்துழைக்காது. 2025 தீபாவளி அக்டோபர் 20. 2026-ல் நவம்பர் 8. தீபாவளிக்குத் தீபாவளி என்று இருந்தால் நடுவில் இரண்டு வாரத்துக்கு மேல் போன் ஊமை! சூரியனை நம்புங்கள். பொங்கல் தேதி நகராது, நகர்ந்தாலும் ஒரு நாள். போனஸில் எடுத்துவைத்து, மாட்டுப் பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது போட்டுவிடுங்கள். பாட்டரியையும் பார்த்த மாதிரி இருக்கும், அம்மாவையும் பார்த்த மாதிரி இருக்கும்.

* * *

நம்பர் மாறிவிடுமே என்று பயந்து வேலை செய்யாத கம்பெனியோடு மாரடிக்க வேண்டாம். 2011 ஜனவரி 20-லிருந்து நாடு முழுக்க, நம்பரை வைத்துக்கொண்டே கம்பெனி மாறலாம். ஆங்கிலத்தில் 'போர்ட்' என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு, பத்து இலக்க எண்ணை அடித்து, 1900-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் ஒரு கோடு வரும். நாலு நாளைக்குள் புதுக் கம்பெனிக் கடையில் ஆதாரோடு கொடுக்க வேண்டும். இப்போதைய கம்பெனியில் 90 நாள் ஆகியிருக்க வேண்டும். சிம் தொலைந்து புதுசு வாங்கியிருந்தால், 2024 ஜூலை விதிப்படி ஏழு நாள் பொறுக்க வேண்டும்.

2018 பிப்ரவரியில் ஏர்செல் விழுந்தபோது தமிழ்நாட்டில் லட்சக்கணக்கானவர்கள் இந்தக் கோடுக்காகத் தவம் கிடந்தார்கள். நம்பர் என்பது இன்றைக்கு வெறும் நம்பர் இல்லை. பேங்க், ஆதார், காஸ் எல்லாம் அதில்தான் தொங்குகின்றன. வேலிடிட்டி போய் முடங்கிய எண்ணை, 90 நாளுக்குப் பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிட முடியும். உங்கள் அம்மாவின் ஓ.டி.பி. ஊர் பேர் தெரியாதவர் கைக்குப் போகும்.

* * *

பெரியம்மா போனுக்கு வருஷ பேக் போட்டாயிற்று. தொகையைக் கேட்டதும் அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அத்தனை பணத்தையும் ஒரேமுட்டாக் கட்டிப்போட்டயே... நடுவுல நா போய்ச் சேந்துட்டா?"

இதற்கு வணிகவியலில் பதில் கிடையாது. தேய்மானம்தான் பாடத்தில் உண்டு. அண்ணன்தான் சொன்னார்:

"அதுக்குத்தானுங்மா வருசத்துக்குக் கட்டியிருக்கறது. கட்டுன காசுக்குப் பேசி முடிக்காம நீங்க எங்கயும் போகப்படாது!"